கப்பலில் இருந்தபடியே அடுத்த பயணத்துக்கு முன்பணம் கட்டியவர்களின் கதை

சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்கள் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறார்கள், நீச்சல்குளத்தைப் பற்றி எழுதுகிறார்கள். கப்பலுக்குள்ளேயே ஒரு மேசையைப் போட்டு, அடுத்த ஆண்டுப் பயணத்துக்கு அங்கேயே பணம் வாங்கிக்கொள்கிறார்களே, அதைப் பற்றி யாராவது தமிழில் சொல்லியிருக்கிறார்களா என்று தேடிப் பார்த்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. எங்கள் குடும்பம் அந்த மேசையில் கட்டிய பணம் எழுபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல். அதில் ஒரு சிறு பகுதியைத் தவிர எதுவும் திரும்பவில்லை. பணத்தைவிட, வீட்டுக்குள் உண்டான மனத்தாங்கல்தான் என்னை அதிகம் வாட்டியது. இனிப் போகிறவர்களுக்காவது விவரம் தெரிந்திருக்கட்டும் என்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைக்கு அருகில் இருக்கிறோம். நான் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2024 மே மாதம் ஓய்வுபெற்றேன். கணவர் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொள்கிறார். மகளைப் பொள்ளாச்சியில் கொடுத்திருக்கிறோம். கொழுந்தனார் குடும்பம் சித்தூரில் இருக்கிறது. வேலந்தாவளம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. துணி எடுப்பது, விமானம் ஏறுவது எல்லாம் கோயம்புத்தூரில், ரேஷனும் ஓட்டும் கேரளத்தில் என்று இரண்டு பக்கமும் கால் வைத்து வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் நாள் குறிப்பதில் வந்த சிக்கல்களில் பாதி இந்த எல்லையால் வந்தவை.

ஓய்வுபெற்ற பணத்தில் நானும் கணவரும் அந்த நவம்பரில், தீபாவளி முடிந்த பிறகு, சிங்கப்பூரிலிருந்து புறப்படும் நான்கு இரவுக் கப்பலில் போனோம். பினாங்கு, புக்கெட் இரண்டு துறைமுகங்கள். கடைசி நாள் முழுவதும் கடல். மலாக்கா நீரிணையில் கப்பல் அசைவே தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. பினாங்கில் இறங்கித் தெருத்தெருவாக நடந்தோம். அங்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்து என் கணவருக்கு உண்டான மகிழ்ச்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை. பேரனும் கூட வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டோம். அந்த மனநிலையில்தான் கடைசி நாள் காலையில் ஐந்தாம் தளத்தில் அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தோம்.

மேசையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். அவள் சொன்னதில் எதுவும் பொய் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கப்பலில் இருக்கும்போதே முன்பதிவு செய்தால் ஒவ்வொரு அறைக்கும் 100 டாலர் வரவு வைப்பார்கள், அதை அடுத்த பயணத்தில் கப்பலுக்குள் செலவழித்துக்கொள்ளலாம். இப்போது தலைக்கு 100 டாலர் முன்பணம் கட்டினால் போதும், மீதியைப் புறப்படும் நாளுக்கு 75 நாள் முன்பு கட்டலாம். கப்பலை விட்டு இறங்கிவிட்டால் இந்தச் சலுகை கிடையாது. பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். முழுக்கடல் நாளில் எல்லோரும் அங்கேதான் வருகிறார்கள், அதுவும் கடைசி நாளாக இருந்தால் இன்னும் கூட்டம். எட்டுப் பேருக்கு மூன்று அறைகள் எடுத்தோம். எங்களுக்கு ஒன்று, மகள், மாப்பிள்ளை, பேரனுக்கு ஒன்று, கொழுந்தனார், ஓரகத்தி, அவர்கள் மகளுக்கு ஒன்று. 2025 மே 2, வெள்ளிக்கிழமை புறப்பாடு.

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. முன்பணத்தில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, இறுதித் தொகை கட்டும் நாளுக்கு முன் ரத்து செய்தால் திரும்பக் கிடைப்பது. இன்னொன்று, கிடைக்கவே கிடைக்காதது. திரும்பக் கிடைக்கும் வகையில் அறைக் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருக்கும், அதனால் திரையில் குறைந்த விலை முதலில் வந்து நிற்கும். எங்களுக்குக் காட்டியது அந்தக் குறைந்த விலையைத்தான். மூன்றாவதாக வேறொரு வழியும் இருந்தது. நாள், கப்பல், அறை எதையும் குறிக்காமல், 'அடுத்து எப்போதாவது வருவேன்' என்று ஒரு சிறு தொகையை மட்டும் கட்டி வைத்துவிட்டு, ஊருக்குப் போய் ஆற அமர நாளைத் தேர்ந்தெடுக்கும் முறை. இதை அன்று இரவு உணவு மேசையில் எங்களோடு உட்கார்ந்திருந்த சென்னைத் தம்பதி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அதற்குள் எங்கள் கார்டு தேய்க்கப்பட்டுவிட்டது. எல்லா நிறுவனங்களிலும் இந்த மூன்றும் இருக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மேசையில் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இந்தப் பணம் எந்தத் தேதி வரை முழுவதும் திரும்பும்' என்பதுதான். பதிலை வாயால் கேட்டால் போதாது, உறுதிச்சீட்டில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கள் சீட்டில் அது கீழே, கட்டண விவரங்களுக்கு நடுவில், ஒரே வரியாக இருந்தது.

வீட்டில் இருப்பவர்களிடம் கேட்காமலா நாள் குறித்தீர்கள் என்று பிறகு பலர் கேட்டார்கள். கப்பலில் இணையத்துக்கு நாளுக்கு இருபது டாலருக்கு மேல். கடலில் இருக்கும்போது கைபேசி தானாகக் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் ஒரு நிமிடப் பேச்சுக்கே பெரிய தொகை போய்விடும் என்று எச்சரித்ததால் விமான நிலையில் வைத்திருந்தோம். ஆக, எட்டுப் பேருக்கான முடிவை இரண்டு பேர், மற்ற ஆறு பேரின் குரலைக் கேட்க வழியில்லாத ஓர் இடத்தில் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருந்தது. அந்த மேசையின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. அந்த மேசை முதல் நாள் மாலையே திறந்துவிடுகிறது, அப்போது கூட்டமும் இருக்காது. அன்றைக்கே போய் விலைப்பட்டியலைக் காகிதத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் துறைமுகத்தில் இறங்கியதும் கரையிலிருந்து வீட்டுக்குப் பேசுங்கள். பினாங்கிலும் புக்கெட்டிலும் எங்கள் கைபேசி நன்றாக வேலை செய்தது. பேசி முடித்துவிட்டு, கடைசி நாளுக்குள் முடிவைச் சொன்னால் சலுகை அப்படியே கிடைக்கும்.

நாள் குறித்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லைப்புறக் குடும்பங்களுக்கு இது பெரிய விஷயம். கேரளப் பள்ளிகள் மார்ச் கடைசியில் மூடி ஜூன் தொடக்கத்தில் திறக்கும். தமிழ்நாட்டில் ஏப்ரலிலும் தேர்வு நடக்கும். இங்கே ஓணத்துக்கு விடுமுறை, அங்கே காலாண்டு விடுமுறை, இரண்டும் சேராது. பொங்கலுக்குத் தமிழர் அதிகம் உள்ள எங்கள் மாவட்டத்தில் ஒரு நாள் விடுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு கப்பலேற முடியாது. கிறிஸ்துமஸ் வாரம் இரண்டு பக்கமும் ஒத்துவரும், ஆனால் அந்த வாரத்துக்குத் திரையில் காட்டிய கட்டணம் ஏறக்குறைய இரட்டிப்பு. மிஞ்சியது மே மாதம். மேசையில் இருந்தவளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. எங்கள் மனத்தில் இருந்த விடுமுறைகளை எண்ணி நாங்களே மே முதல் வாரத்தைச் சொன்னோம். ஆனால் கொழுந்தனார் மகள் அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள், மருத்துவத்துக்கு நீட் எழுதப்போகிறாள். 2025ஆம் ஆண்டு நீட் எந்த நாளில் என்பது அந்த நவம்பரில் யாருக்கும் தெரியாது. ஆழியாற்றிலிருந்து தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று தெரியாமல் எங்கள் ஊரில் யாரும் நாற்றங்கால் போட மாட்டார்கள். கப்பல் சலுகை அதைத்தான் செய்யச் சொல்கிறது. குடும்பத்தில் பத்தாம் வகுப்போ பிளஸ் டூவோ படிக்கிற பிள்ளை இருந்தால், தேர்வுத் தேதி வெளிவரும் வரை நாள் குறித்த முன்பதிவு வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

ஊருக்கு வந்து சொன்னபோது எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். பேரன் கப்பல் படம் வரைந்து சுவரில் ஒட்டினான். முதல் தலைவலி பெயரில் வந்தது. எங்களோடு கப்பலுக்கு வராதவர்களின் பாஸ்போர்ட் கையில் இல்லாததால், பெயர்களை நாங்கள் சொல்லச் சொல்ல மேசையில் இருந்த பெண் தட்டச்சு செய்திருந்தாள். ஓரகத்தியின் பெயரில் 'ங்க' வருகிறது. தமிழ்நாட்டில் அதை ஆங்கிலத்தில் என், ஜி என்று எழுதுவார்கள். கேரளத்தில் என், கே. அவர் பாஸ்போர்ட் கேரளத்தில் எடுத்தது, முன்பதிவில் இருந்தது தமிழ்நாட்டு முறை. மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக இருக்கிறது, நம்மில் பலருக்கு அப்படித்தான். அந்த இடத்தில் அவள் தந்தையின் முதலெழுத்தைப் போட்டிருந்தாள். இரண்டையும் திருத்திக் கொடுத்தார்கள், பணம் கேட்கவில்லை, ஆனால் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்பி டிசம்பர் முழுவதும் போனது. வீட்டில் உள்ள எல்லோருடைய பாஸ்போர்ட் முதல் பக்கத்தையும் படமெடுத்து, இணையம் இல்லாமலே திறக்கும்படி கைபேசியில் வைத்துக்கொண்டு கப்பலேறுங்கள். காலாவதித் தேதியையும் அப்போதே பார்த்துவிடலாம். சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுதான் செல்லும், பயணத்தின்போது ஆறு மாதமாவது மீதி இருக்க வேண்டும்.

அதே டிசம்பரில் சம்பந்தியம்மாளும் வர ஆசைப்பட்டார். எங்கள் அறையில் மேலிருந்து இறக்கும் கட்டில் ஒன்று உண்டு என்று தெரியும், அதனால் ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடும் என்று நினைத்தோம். இடமில்லை என்று பதில் வந்தது. கட்டில் இருக்கிறதே என்று கேட்டால், உயிர்காப்புப் படகுக் கணக்கு என்றார்கள். 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் முதன்முதலில் உருவான கடல் பாதுகாப்பு உடன்படிக்கை இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு நடைமுறையில் இருக்கிறது. கப்பலில் ஏறும் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புப் படகிலோ மிதவையிலோ இடம் இருக்க வேண்டும், ஒவ்வொரு பகுதி அறைகளுக்கும் ஆபத்து நேரத்தில் போய் நிற்க ஒரு கூடுமிடம் ஒதுக்கியிருப்பார்கள். அந்தப் பகுதியின் எண்ணிக்கை நிறைந்துவிட்டால் அறையில் கட்டில் காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளைச் சேர்க்க முடியாது. நியாயமான விதிதான். ஆனால் ஒருவரைப் பின்னால் சேர்ப்பது கடினம், எடுப்பது எளிது என்பதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். வரக்கூடும் என்று தோன்றுகிறவரை, திரும்பக் கிடைக்கும் முன்பணத்தில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சம்பந்தியம்மாளிடம் முடியாது என்று சொன்னது எனக்கு மிகவும் கூச்சமாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டாரை ஒதுக்கிவிட்டோம் என்று நினைத்துவிடுவாரோ என்று பயந்தேன்.

பொங்கலுக்கு வந்த மகள் சமையலறையில் என் பக்கத்தில் நின்று, "அம்மா, நாள் தள்ளிப்போயிருக்கிறது, டாக்டரைப் பார்த்துவிட்டோம்" என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அவள் அடுத்துக் கேட்டதே கப்பலைப் பற்றித்தான். கப்பல் நிறுவனங்களின் விதி இது: பயணம் முடிவதற்குள் எந்த நாளிலாவது கர்ப்பத்தின் 24ஆவது வாரத்தில் நுழைந்துவிடுகிற பெண்ணை ஏற்ற மாட்டார்கள். அவளுடைய மருத்துவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். மே 2 அன்று 25ஆவது வாரம் நடந்துகொண்டிருக்கும். ஒரு வாரம், பத்து நாள் வித்தியாசத்தில் போய்விட்டது. சரி, குழந்தை பிறந்த பிறகு போகலாம் என்றால், ஆறு மாதம் நிறையாத குழந்தையையும் ஏற்ற மாட்டார்கள். நீண்ட கடல் நாட்கள் உள்ள பயணங்களில் ஒரு வயது நிறைந்திருக்க வேண்டும். ஆக, ஒரு கர்ப்பம் என்பது கப்பலைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஓராண்டைத் தள்ளிப்போடுகிறது. புதிதாகத் திருமணமானவர்கள், இரண்டாவது குழந்தைக்குக் காத்திருக்கிறவர்கள் வீட்டில் இருந்தால் இந்த இரண்டு விதிகளையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களிடம் போய் 'விசேஷம் உண்டா' என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது, கேட்கவும் கூடாது. அதனால்தான் அவர்கள் பெயரில் திரும்பாத பணத்தைக் கட்டக் கூடாது என்கிறேன்.

பிப்ரவரி 7ஆம் தேதி நீட் அறிவிப்பு வந்தது. தேர்வு மே 4, ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் புக்கெட்டில் இருக்க வேண்டிய நாள். இறுதித் தொகை கட்ட வேண்டிய கெடு பிப்ரவரி 16. இடையில் இருந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவே இல்லை. கொழுந்தனார் மட்டும் வருவதாகச் சொன்னார். கணக்குப் பார்த்தால், கப்பலில் அறைக் கட்டணம் இரண்டு பேரை வைத்துத்தான் போடப்படுகிறது. தனியாக இருந்தால் ஒருவரே ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணத்தைச் சுமக்க வேண்டும். மகள் அறையிலும் இதே கதை. மூன்றாவது ஆளாகக் குறைந்த கட்டணத்தில் இருந்த பேரன், அவன் அம்மா விலகியதும் இரண்டாவது ஆளாகிவிடுவான், அவன் கட்டணம் ஏறிவிடும். மூன்று பேர் அறையில் ஒருவர் நின்றுவிட்டால் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்.

தேதியை மாற்றலாமா என்று கேட்டோம். எங்கள் வகை முன்பணத்தில் தேதி மாற்றத் தலைக்கு 100 டாலர். ரத்து செய்தாலும் தலைக்கு 100 டாலர் பிடித்துக்கொண்டு மிச்சத்தை வரவு வைப்பார்கள். நாங்கள் கட்டியதே தலைக்கு 100 டாலர்தான், மிச்சம் பூஜ்யம். இந்தப் பேச்சுக்கு ஆள் பிடிப்பதே பெரும்பாடு. முதல் பயணத்தை எடுத்துக் கொடுத்த கோயம்புத்தூர் முகவரிடம் போனால், "நீங்கள் நிறுவனத்தில் நேரடியாகப் பதிவு செய்திருக்கிறீர்கள், என் பெயருக்கு மாற்றும் காலம் முடிந்துவிட்டது, என்னால் அந்தப் பதிவைத் திறக்கவே முடியாது" என்றார். நிறுவனத்துக்குத் தொலைபேசினால் பாட்டு கேட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் வேறொருவர், முதலிலிருந்து கதை. கப்பல் மேசையிலேயே 'எங்கள் முகவர் இவர்' என்று சொல்லியிருந்தால் பதிவை அவர் பெயரோடு இணைத்திருப்பார்கள், கப்பல் சலுகையும் குறைந்திருக்காது. கேட்காதவர்களுக்கு நேரடிப் பதிவு என்று போட்டுவிடுகிறார்கள். நம்பிக்கையான முகவர் உள்ளவர்கள் அவருடைய நிறுவனப் பெயரையும் மின்னஞ்சலையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். சண்டை போட ஊரில் ஓர் ஆள் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்று அந்த வாரத்தில் உணர்ந்தேன்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 800 டாலர். நவம்பரில் டாலர் 84 ரூபாய்க்குச் சற்று மேல் இருந்தது. எங்கள் கிரெடிட் கார்டு வெளிநாட்டு நாணயத்துக்கு 3.5 சதவீதம் கூடுதலாக எடுத்தது, அந்தக் கூடுதலின் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்தைத் தாண்டியது. பிப்ரவரியில் டாலர் 87 ரூபாயை ஒட்டி நின்றது. அதாவது நவம்பரில் 'குறைந்த விலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்ன விலை, டாலரில் அசையாமல் இருந்தாலும் ரூபாயில் ஏறிவிட்டது. விலை தாழ்ந்தால் இறுதித் தொகைக்கு முன்பு நாம் கேட்டால் குறைத்துத் தரும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு, ஆனால் தாமாகக் கூப்பிட்டுத் தர மாட்டார்கள். மாதத்துக்கு ஒருமுறை விலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொன்று, விமானம், தங்கும் விடுதி, கப்பல் எல்லாவற்றையும் தொகுப்பாக இங்குள்ள முகவரிடம் வாங்கினால் டி.சி.எஸ். என்று வரி பிடிப்பார்கள். எங்கள் காலத்தில் 7 லட்சம் ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20. 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு 10 லட்சமாக உயர்ந்தது. இந்த விகிதங்கள் பட்ஜெட்டில் மாறக்கூடியவை, நீங்கள் கட்டும் நேரத்தில் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தொகையை வருமான வரிக் கணக்கில் காட்டித் திரும்பப் பெறலாம், ஆனால் அதுவரை கையிலிருந்து போட வேண்டும். நல்லவேளையாக விமான டிக்கெட் எடுக்கவில்லை. சிங்கப்பூர் விசா கைக்கு வரட்டும் என்று கணவர் பிடிவாதமாக இருந்தார். அந்த விசாவும் பலமுறை நுழையும் வகையாக இருக்க வேண்டும், கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருகிறதே.

கெடுவுக்கு முந்தைய நாள் மூன்று அறைகளையும் ரத்து செய்தோம். நாங்கள் இரண்டு பேர் மட்டும் மறுபடியும் போய் என்ன செய்வது? கொழுந்தனார் தன் பங்கு 300 டாலருக்கான ரூபாயை உறையில் போட்டுக் கொண்டுவந்தார். வாங்க மறுத்தேன். ஓரகத்திக்கோ, தன் மகளின் தேர்வால்தான் எல்லாம் கெட்டது என்று நாங்கள் நினைக்கிறோம் என்ற எண்ணம். சில வாரங்கள் என்னோடு பேசவில்லை. அந்தப் பெண் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, என்னால்தானே" என்று கேட்டபோது எனக்கு அந்தக் கப்பல் நிறுவனத்தின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. பதினேழு வயதுப் பிள்ளை, தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில், தன்னைக் கேட்காமல் கட்டிய பணத்துக்காக ஏன் வருந்த வேண்டும்? குடும்பத்துக்காகப் பதிவு செய்கிறவர்கள், ரத்தானால் யார் பணம் போகும் என்பதைக் கப்பலேறும் முன்பே பேசிவைத்துவிடுவது நல்லது. பேசாமல் விட்டால் ஒவ்வொருவரும் தன்னைத்தான் குறை சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

ஒன்று மட்டும் திரும்பியது. மகப்பேறு மருத்துவரின் சான்றிதழை, பிரசவ உத்தேசத் தேதியோடு ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, உறுதிச்சீட்டு எண்ணைத் தலைப்பில் போட்டு அனுப்பினேன். உங்கள் விதிப்படியே அவள் ஏற முடியாது என்னும்போது அவள் பணத்தை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருந்தேன். தொலைபேசியில் முடியாது என்றவர்கள், எழுத்தில் கேட்டபோது மேலே அனுப்பினார்கள். ஒரு மாதம் போல இழுத்தடித்து, மகளுடைய 100 டாலரை மட்டும் வரவாக மாற்றிக் கொடுத்தார்கள். எனவே எதைக் கேட்டாலும் மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் பேசினால் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு அன்றே அதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். நோய், கர்ப்பம் போன்ற காரணம் இருந்தால் இறுதித் தொகைக் கெடுவுக்கு முன்பே சான்றிதழை அனுப்பிவிட வேண்டும், அதற்குப் பிறகு பிடித்தம் படிப்படியாக ஏறி முழுக் கட்டணத்தையும் தொட்டுவிடும்.

அந்த வரவு மகள் பெயரில் மட்டும் செல்லும், வேறு யாருக்கும் மாற்ற முடியாது, அதற்கும் ஒரு கெடு போட்டிருக்கிறார்கள். ஆகஸ்டில் பேத்தி பிறந்தாள். அவளுக்கு ஆறு மாதம் நிறைந்த பிறகு வரும் கோடை விடுமுறையில் பார்க்கலாம் என்று இருக்கிறோம். இம்முறை எந்த மேசையிலும் உட்காரப் போவதில்லை. கோயம்புத்தூர் முகவர் மூலம், திரும்பக் கிடைக்கும் முன்பணம் மட்டும், அதுவும் இரண்டு பள்ளிகளின் விடுமுறைத் தேதிகளும் கையில் வந்த பிறகு. சம்பந்தியம்மாள் பெயரையும் முதலிலேயே கொடுத்துவிட்டேன். குழந்தையின் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட அனெக்சர் டி என்ற உறுதிமொழிப் படிவம் வேண்டும் என்றார்கள். மாப்பிள்ளைக்கு விடுப்புக் கிடைத்ததும் கோயம்புத்தூர் பாஸ்போர்ட் சேவை மையத்தில் நேரம் வாங்கப் போகிறோம்.